எக்ஸ்எல் ஓர் அளவா?

பரந்தனுக்கு அப்பால், வாய்க்காற் கரையோரமாக அமைந்த ஒரு குடியேற்றக் கிராமத்திற்கு நாம் அண்மையில் சென்றிருந்தபோது, ஒரு வீட்டு முற்றத்தில் அயற்பெண்கள் ஐந்தாறு பேர் கூடியிருக்கக் கண்டோம். நடுவே விரித்திருந்த பாயில் கிழிக்கப்பட்ட பிளாஸ்ரிக் உறை ஒன்று கிடந்தது. அதனருகே கத்தரிப்பூ நிறத்தில் நீண்ட சட்டை ஒன்று. அந்த வீட்டின் பதினாறு வயது மகள் அறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். அவளுடைய தாய்மாமனுக்கு அடுத்த கிழமை கலியாணம். அந்தக் கலியாணத்துக்கென்று, காலபோக நெல் விற்ற காசில் 4700 ரூபாவும் கூரியர் கூலியும் கொடுத்து, கைத்தொலைபேசியில் படம் பார்த்து எடுப்பித்த சட்டை அது. தோள் வழிந்து கிடந்ததாம். நெஞ்சுப் பகுதி பைபோலத் தொங்கியதாம். கை மட்டும் முழங்கைக்கு மேல் ஏற மறுத்து இறுகியதாம்.

“அளவு பார்த்துத்தானே எடுத்தனீங்கள்?” என்று தாயிடம் கேட்டோம்.

“ஓம் பாதர். எக்ஸ்எல் எண்டு போட்டுத்தான் எடுத்தது. அது அளவுதானே?”

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் நாம் சரியான பதில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும் வழியெல்லாம் அது மனதைக் குடைந்தது. அந்தத் தாய்க்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுத முயல்கிறோம்.

பெயர் வேறு, அளவு வேறு

காணி விடயத்தில் நமது மக்களை எவரும் இலகுவில் ஏமாற்றிவிட முடியாது. பரப்பு என்ற ஒரே சொல் வரகுக் காணிக்கு ஒரு கணக்கு, நெற்காணிக்கு இன்னொரு கணக்கு என்பதை வாசகர்கள் அறிவார்கள். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற் கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே “பத்துப் பரப்பு” என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கு என்று கேட்காமல் நம்மவர் எவரும் முற்காசு கொடுக்க மாட்டார். ஆனால் “எக்ஸ்எல்” என்று ஒருவர் சொன்னால் எந்தக் கணக்கு என்று நாம் கேட்பதில்லை.

எஸ், எம், எல், எக்ஸ்எல் என்பவை அளவுகள் அல்ல, பெயர்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்ற ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துக்கள் அவை. எதைவிடப் பெரியது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய எக்ஸ்எல் நெஞ்சுச் சுற்று 44 அங்குலமாகவும், இன்னொருவருடையது 40 அங்குலமாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் இது நடக்கும் விதத்தை அறிந்தால் அந்தச் சட்டையின் கோளாறும் விளங்கும். முதலில் ஓர் உடம்பைத் தெரிவு செய்கிறார்கள். அநேகமாக நடுத்தர அளவுடைய ஒருவரின் உடம்பு. அதற்குச் சரியாக ஒரு மாதிரிச் சட்டை வெட்டப்படுகிறது. அந்த மாதிரியிலிருந்து நெஞ்சில் இவ்வளவு, தோளில் இவ்வளவு, நீளத்தில் இவ்வளவு என்று ஒரு கணக்கின்படி கூட்டிக்கொண்டு போனால் பெரிய அளவுகள். குறைத்துக்கொண்டு போனால் சிறியவை. எக்ஸ்எல் உடம்புள்ள எவரையும் அளந்து எக்ஸ்எல் சட்டை வெட்டப்படுவதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. நெஞ்சு பெருத்தால் தோளும் அகலும், உயரமும் கூடும் என்று அந்தக் கணக்கு எண்ணிக்கொள்கிறது. மனித உடம்பு அப்படிக் கணக்குப் பார்த்து வளர்வதில்லை.

மண்வெட்டி பிடித்தும், நெல்மூட்டை தூக்கியும், கிணற்றில் நீர் அள்ளியும் வளர்ந்த நமது பிள்ளைகளின் கைகளையும் தோள்களையும் எண்ணிப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கியிருக்கும், மேற்கை தசை பிடித்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஏற்ற நெஞ்சளவு ஒன்று, கையளவு இன்னொன்று. மாதிரிச் சட்டை வெட்டியவருக்கு இது தெரிய வழியில்லை.

ஆயத்த உடுப்புகளின் வரலாறே இந்தக் குறையோடுதான் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 தொடக்கம் 1865 வரை, இராணுவத்தினருக்குப் பெருந்தொகையில் சீருடை தைக்க வேண்டியிருந்தது. சிப்பாய்களை அளந்து கிடைத்த விபரங்களே பின்னர் ஆண்களின் ஆயத்த உடுப்புக்கு அடிப்படையாயின. பெண்களின் முறை வெகு காலம் சென்றே வந்தது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் (ஆம், விவசாயத் திணைக்களந்தான்; வீட்டுப் பொருளியல் அதன் கீழ் இருந்தது) ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளந்தது. ஆனால் கணக்கெடுப்பில் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. அந்த ஆய்வை அடியாகக் கொண்டு 1958இல் அங்கு ஒரு நியம அளவு வெளியிடப்பட்டது. வியாபாரிகள் அதைப் படிப்படியாகக் கைவிட, 1983இல் அது மீளப் பெறப்பட்டது. அதன் பின்னர் அவரவர் பெயர், அவரவர் அளவு. வாங்குபவரின் மனம் குளிரட்டும் என்று பெரிய சட்டைக்குச் சிறிய இலக்கத்தை ஒட்டும் வழக்கமும் பெருகிற்று. அயல்நாடான இந்தியா தன் மக்களின் உடம்பை அளந்து தனக்கென ஓர் அளவு முறையை உருவாக்கும் திட்டத்தை 2018இல்தான் அறிவித்தது. ஆறு பெருநகரங்களில் 25,000 பேரை அளப்பது அதன் நோக்கம். பெங்களூரும் அவற்றுள் ஒன்று.

இதிலே நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. 2009இற்குப் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. விடியுமுன் பேருந்து ஏறி அங்கு வேலைக்குச் செல்லும் பெண் பிள்ளைகள் இல்லாத கிராமம் இப்போது அரிது. அவர்கள் தைப்பவை ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளுக்கான உடுப்புகள். அளவிலே கால் அங்குலம் பிசகினாலும் அதைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தக் கைகள் உள்ள வீட்டுக்குத்தான் தோள் வழிந்த சட்டை பார்சலில் வருகிறது.

கிடைத்ததைப் போடு

கதையை மீண்டும் அந்த முற்றத்திற்குக் கொண்டு செல்வோம். சட்டையை மடித்துக்கொண்டே தாய் சொன்னார்: “பரவாயில்லைப் பாதர். ஊசி குத்திப் போடலாம். நாங்கள் போடாத உடுப்பே?”

அந்த வசனத்தை நாம் முன்னரும் கேட்டிருக்கிறோம். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தபோது, உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு உடுப்புப் பொதிகள் வந்தன. பொதி பிரித்தவர்களுள் நாமும் இருந்தோம். நல்ல மனத்தோடு அனுப்பப்பட்டவைதான். ஆயினும் அந்த வெயிலில் கம்பளிச் சட்டைகள் வந்தன. இடுப்பில் நிற்காத காற்சட்டைகள் வந்தன. வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு ஏற்றவை அருமையாகவே வந்தன. ஒரு வயோதிபர், பெண்கள் அணியும் பூப்போட்ட மேற்சட்டையை மறுபுறம் திருப்பி அணிந்திருந்தார். “கிடைத்ததைப் போடுங்கள், பிறகு பார்ப்போம்” என்று சொன்னவர்கள் நாம். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் “பிறகு” வந்து சேரவில்லை. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. “கிடைத்ததைப் போடு” என்பது மட்டும் மக்களோடு கூடவே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

நிவாரணமாக வந்த உடுப்பில் குறை சொல்வது நன்றிகேடு என்று நினைத்த மனம், சொந்தக் காசு கொடுத்து வாங்கிய உடுப்பிலும் குறை சொல்லக் கூசுகிறது. அறைக்குள் இருந்த மகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. முகாமில் அவள் கைக்குழந்தை. அவளுக்கு அது நினைவில்லை. பொருந்தாத சட்டையோடு சபைக்குப் போகமாட்டேன் என்கிறாள். தாய்க்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது. நமக்கென்னவோ பிள்ளையின் பக்கத்தில்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் வாங்கி அனுப்பும் உடுப்புகளிலும் இதே கதைதான். தொலைபேசியில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, “இப்ப வளந்திருப்பான்” என்று ஒரு குத்துமதிப்பில் வாங்குகிறார்கள். அலுமாரியில் மடித்தபடி கிடக்கும் அந்த அன்பளிப்புகளை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். அன்பு பெரிதாகவும் சட்டை சிறிதாகவும் இருந்தால் என்ன செய்வது!

நாம் பட்டதும் படித்ததும்

பிறர் கதையை மட்டும் சொல்லி நம் கதையை மறைப்பது முறையல்ல. சென்ற ஆண்டு பேஸ்புக்கில் கண்ட ஒரு விளம்பரத்தை நம்பிக் கறுப்புக் காற்சட்டை ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினோம். இடுப்பு 34 என்றார்கள், வந்ததும் 34தான். ஆனால் இடுப்புப் பட்டியிலிருந்து கவடு வரையுள்ள உயரத்தை நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நிற்கும்போது நன்றாகவே இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறிய முதல் நாளே பின்தையல் விட்டுவிட்டது. கூட்டம் முடியும் வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தோம். ஏன் எழும்பவில்லை என்று அன்று வியந்தவர்கள் இப்போது அறிந்துகொள்வார்களாக.

அதன் பின்னர் ஒரு தையற்காரம்மாவிடம் சென்று முறையாகக் கேட்டுப் படித்துக்கொண்டோம். அவர் முதலில் சொன்னது, உடம்பை அளப்பதை விட, நன்றாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றை அளப்பதே மேல் என்பது. உடம்பை அளக்கும்போது ஒருவர் நாடாவை இறுக்குவார், இன்னொருவர் தளர்த்துவார். உடுப்பு அப்படி மாறாது. பிடித்தமான சட்டையை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு கக்கத்துத் தையலிலிருந்து மற்றக் கக்கத்துத் தையல் வரை அளக்க வேண்டும். அதன் இரு மடங்கே நெஞ்சுச் சுற்று. தோள் தையலிலிருந்து தோள் தையல், தோளிலிருந்து கீழ்விளிம்பு, கை நீளம், கையின் மேற்பகுதி அகலம் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காற்சட்டையாயின் இடுப்பு, தொடை, உட்கால் நீளம், அத்துடன் நாம் தவறவிட்ட அந்தக் கவட்டு உயரம்.

இந்த “இரு மடங்கு” விடயத்திலேயே பலர் இடறுகிறார்கள். விளம்பரத்தில் “நெஞ்சு 20” என்றிருந்தால், அது விரித்து வைத்த சட்டையின் ஒரு பக்க அகலம்; சுற்றளவு 40 அங்குலம். “நெஞ்சு 40” என்றிருந்தால், அது சட்டையின் சுற்றளவா, அதை அணியக்கூடியவரின் உடம்பின் சுற்றளவா என்று கேட்டறிய வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இழுபடாத துணியில் தைத்த சேட் ஒன்று, உடம்பை விட ஏறக்குறைய 4 அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் கையைத் தூக்கலாம், குனியலாம். இழுபடும் துணியென்றால் அவ்வளவு வேண்டியதில்லை. சில அட்டவணைகள் சென்ரிமீற்றரில் இருக்கும், 2.54 சென்ரிமீற்றர் ஓர் அங்குலம்.

சீனத்திலிருந்து வரும் உடுப்புகளின் கழுத்துச் சீட்டில் 170/92ஏ என்பது போன்ற குறி இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதில் விளங்காதது ஒன்றுமில்லை. முதல் இலக்கம் அணிபவரின் உயரம் சென்ரிமீற்றரில். அடுத்தது நெஞ்சுச் சுற்று, காற்சட்டையாயின் இடுப்புச் சுற்று. இறுதி எழுத்து உடல்வாகைக் குறிக்கும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அது தீர்மானிக்கப்படுகிறது. எல், எக்ஸ்எல் என்பவற்றை விட இந்தக் குறி எவ்வளவோ நேர்மையானது. விற்பவரிடம் கழுத்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பருத்தித் துணி முதற் கழுவலில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து வீதம் சுருங்கினால், 28 அங்குல நீளச் சட்டையில் ஒன்றரை அங்குலமளவு போய்விடும். வளரும் பிள்ளைகளுக்கு எடுப்பவர்கள் இதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். இனி, படத்தைப் பற்றி ஒரு சொல். படத்தில் உடம்போடு ஒட்டினாற்போல அழகாக நிற்கும் சட்டையின் பின்பக்கத்தை நாம் காண்பதில்லை. அங்கே குண்டூசியும் கவ்வியும் பிடித்திருப்பது வழக்கமான தொழில்முறை.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, கழிக்கப்பட்டவை என்று புறக்கோட்டையிலிருந்து வருபவற்றில் இன்னும் கவனம் வேண்டும். கழுத்துச் சீட்டு வெட்டப்பட்டிருந்தால் அளவைக் கைநாடாவே சொல்ல வேண்டும்.

போரில் காலை இழந்தவர்களின் இடர் தனியானது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. அந்தக் கால் அணிந்தவர்களுள் வயலுக்குப் போகிறவர்கள் பலர். இக்காலத்து ஒடுங்கிய ஜீன்ஸில் செயற்கைக் கால் நுழையாது; பாதம் மடங்காது. ஒரு குடும்பத்தலைவர் மூன்று முறை ஒன்லைனில் எடுப்பித்து, மூன்றையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். உட்காலின் கீழ்விளிம்பு அகலத்தைக் கேட்டு வாங்கினால் பாதி இடர் குறையும். மீதிக்கு, முழங்காலிலிருந்து கீழ்வரை வெளித்தையலைப் பிரித்துச் சிப் வைத்துக் கொடுக்கும் தையற்காரர் ஒருவர் வேண்டும். அதை எந்தக் கைத்தொலைபேசியும் செய்து தராது.

எழுத்தில் கேளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒன்லைனில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே அங்குள்ளோர் ஒரே சட்டையில் இரண்டு மூன்று அளவுகளை எடுப்பித்துப் போட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றை அனுப்பிவிடுகிறார்கள். இங்கு கடை சொல்லும் நிபந்தனையே பெரும்பாலும் நிபந்தனை. மாற்றித் தருவதாகச் சொன்னாலும் கூரியர் கூலி நம் தலையில் விழுகிறது. காசைக் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்க விடுகிறார்கள்.

எனினும் நாம் கையறு நிலையில் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பழையதாயினும் உயிரோடுள்ளது. விபரித்து விற்ற பொருள் அந்த விபரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இங்கேதான் அந்தத் தாயின் கேள்வி முக்கியம் பெறுகிறது. “எக்ஸ்எல்” என்று மட்டும் சொல்லி விற்றவர் எக்ஸ்எல் என்று ஒட்டிய சட்டையை அனுப்பியிருக்கிறார். அவரைப் பிடிப்பது கடினம். “நெஞ்சுச் சுற்று 38 அங்குலம்” என்று எழுதித் தந்துவிட்டு 44 அங்குலச் சட்டையை அனுப்பினால் அவர் விபரிப்பைத் தவறியவர். ஆகவே தொலைபேசியில் பேசி முடிக்காமல், வட்ஸ்அப்பிலோ மெசெஞ்சரிலோ அங்குலத்தை எழுதுவித்து எடுங்கள். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த எழுத்தைச் செல்லாது என்று தள்ள முடியாதபடி 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இடம் செய்துள்ளது. பொதியைப் பிரிக்கும்போதே ஒருவர் வீடியோ எடுத்துக்கொள்வதும், உறையை எறியாமல் வைத்திருப்பதும் நன்று. விற்பவர் செவிசாய்க்காவிடில், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும்.

நாலாயிரம் ரூபாவுக்கு இவ்வளவு அலைச்சலா என்று சிலர் கேட்பார்கள். அது எத்தனை கிலோ நெல் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

கத்தரிப்பூச் சட்டைக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் முன்னர் குறிப்பிட்ட தையற்காரம்மா அதே கிராமத்தின் மறுகோடியில் வசிக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். தாயையும் மகளையும் அவரிடம் அழைத்துச் சென்றோம். சட்டையைத் திருப்பிப் பார்த்தார். கீழ்விளிம்பில் தாராளமாகத் துணி மடித்திருந்தது அதிர்ஷ்டம். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கக்கத்தில் வைத்துக் கையைத் தளர்த்தலாம், தோளைப் பிரித்து உள்ளே எடுக்கலாம் என்றார். கூலி 600 ரூபா.

“முந்தி கலியாணம் எண்டால் இரவிரவாய்த் தைப்பன், பாதர். இப்ப ஆக்கள் தைக்க வாறேல்லை. வந்ததைத் திருத்தத்தான் வருகினம். திருத்திறது தைக்கிறதைவிட மினக்கேடு, காசு குறைவு” என்றார் அவர். ஒரு சட்டையை முழுதாகத் தைப்பதற்கு அவர் எடுக்கும் கூலியையும், கிளிநொச்சிச் சந்தையில் துணியின் விலையையும் கூட்டிப் பார்த்தோம். பார்சலில் வந்த சட்டையின் விலையும் கூரியர் கூலியும் திருத்தக் கூலியும் அதைத் தாண்டிவிட்டன. தாய் ஒன்றும் பேசவில்லை.

மகள் கைகளை விரித்து நின்றாள். நாடா தோளிலும் நெஞ்சிலும் மேற்கையிலும் மாறி மாறிப் போய் வந்தது. ஒவ்வொரு இலக்கத்தையும் தையற்காரம்மா பழைய கொப்பியொன்றில் அவளுடைய பெயருக்கு நேரே எழுதினார். அதே கொப்பியில், முன் பக்கங்களில், ஊரில் பாதிப் பேருடைய அளவுகள் இருந்தன. பலவற்றை அவர் நெடுங்காலமாகத் திருப்பிப் பார்க்கவில்லை.

“அக்கா, அதை எனக்கும் ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ” என்றார் தாய்.